பிரிக்காத பொம்மை

அப்பா சேலத்தில் வாங்கி வந்த ஜி.ஐ. ஜோ பொம்மையை 25 வருஷமாக நான் பிரிக்கவே இல்லை. ஃபன்ஸ்கூல் அட்டை, அதில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழ், உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு சிப்பாய். “பிரிச்சா ரெண்டே நாள்ல உடைச்சுடுவே, பத்திரமா வை” என்றார். வைத்தேன். அப்பா போன பிறகு பிரிக்க மனசே வரவில்லை.

எனக்குக் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் எங்கள் செம்மேடு. காற்றடித்தாலும் இடி இடித்தாலும் நிலமே நடுங்கினாலும் உருக்குலையாத கொல்லிப்பாவையை நற்றிணை சொல்கிறது. என் அலமாரிப் பாவையும் அப்படித்தான் என்று நம்பியிருந்தேன்.

போன மழைக்காலத்தில் மகள் கேட்டாள்: “இவனுக்கு மூச்சு முட்டாதாப்பா?”

குமிழைப் பிடித்து இழுத்தால் அட்டையின் படமும் சேர்ந்து உரிந்துவிடும். அதனால் குமிழின் அடிவிளிம்பை மட்டும் புது பிளேடால் கீறி, கதவு மாதிரி திறந்தேன். அட்டையில் ஒரு சிராய்ப்பு இல்லை. விலைச்சீட்டுகூட அப்படியே இருந்தது.

சிப்பாயை வெளியே எடுத்தேன். இடுப்போடு இரண்டாகக் கழன்று விழுந்தான். அந்தக் காலத்து ஜோக்களின் உடம்பையும் கால்களையும் இழுத்துப் பிடித்திருப்பது உள்ளே ஒரு சின்ன ரப்பர் வளையம். யாரும் தொடாமலேயே அது இற்றுப்போயிருந்தது.

பிளம்பிங் கடையில் அதே அளவில் ஒரு வளையம் கிடைத்தது. முதுகு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினேன். எழுந்து நின்றான்.

அப்பா சொன்ன மாதிரியே ரெண்டாம் நாள் கட்டைவிரல் உடைந்தது. மகள் கண்டுகொள்ளவில்லை. அட்டை என் மேஜையில் இருக்கிறது, குமிழ்க்கதவு சாத்தியபடி.