விழாமலே உடைந்த முட்டிச்சில்லு

எங்க பெரியப்பா பையனுக்கு வயசு 37. போன மாசம் ஆபீஸ் மாடிப்படியில கால் லேசா வழுக்கியிருக்கு. கைப்பிடியைப் பிடிச்சு நின்னுட்டார். விழவே இல்லை. ஆனா முட்டிச்சில்லு ரெண்டு துண்டு!

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் மூணு தடவை கேட்டார், "எங்க சார் விழுந்தீங்க?" மூணு தடவையும் அண்ணன் சொன்னது ஒண்ணுதான், "விழல சார்."

அண்ணனுக்குப் பிறவியிலேயே ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா. லேசான வகை. வெள்ளை விழி கொஞ்சம் நீலமா இருக்கும். சுமார் 15,000 - 20,000 குழந்தைகள்ல ஒருத்தருக்கு வர்றது. எலும்பை ஒரு கான்கிரீட் தூணா நினைச்சுக்கங்க. கால்சியம்தான் சிமெண்ட், கொலாஜன்ங்கிற புரதம்தான் உள்ள ஓடற கம்பி. இந்த வகையில கம்பி நல்ல கம்பிதான், ஆனா பாதிதான் உற்பத்தியாகும். அதனாலதான் சொந்தக்காரங்க சொல்ற பாலும் முருங்கைக்கீரையும் இதைச் சரிபண்ணாது :-)

முட்டிச்சில்லு உடையணும்னா வழக்கமா நேரடி அடி படணும். முட்டி தரையில மோதணும், இல்ல கார் டேஷ்போர்டுல இடிக்கணும். ஆனா அந்தச் சில்லு தொடைத்தசையோட பிடியில இருக்கற எலும்பு. வழுக்கும்போது நம்மை விழாம நிறுத்தறதே அந்தத் தசை வெடுக்குனு இழுக்கறதுதான். அண்ணனைக் காப்பாத்தின அதே இழுப்புதான் சில்லையும் பிரிச்சிடுச்சு. இந்த நோய்ல முழங்கை முனையும் இப்படி உடையறதுண்டு, முட்டிச்சில்லு அபூர்வம்.

ஆபரேஷன் பண்ணி, கம்பியை 8 மாதிரி சுத்திக் கட்டியிருக்காங்க. அது கூடிடும். கவலை வேற. லேசான வகையில பருவ வயசு தாண்டினா முறிவு குறையும். அண்ணனுக்குக் கடைசியா உடைஞ்சது 15 வயசுல. இத்தனை வருஷம் கழிச்சு இப்ப கேக்கறார், "விழுந்து உடைஞ்சா இனிமே பாத்து நடக்கலாம்டா. விழாமலே உடைஞ்சா எதைப் பாத்து நடக்கறது?"

என்கிட்ட பதில் இல்லை. பெரியம்மா வேலையை விடச் சொல்றாங்க. ஆனா உக்காந்தே இருந்தா எலும்பும் தசையும் இன்னும் தேயும். பிசியோதெரபிஸ்ட் நடக்கத்தான் சொல்றார். அண்ணனும் வாக்கரோட வராண்டாவுல நடக்க ஆரம்பிச்சாச்சு.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் மக்களே. இந்த நோய் உள்ள குழந்தைக்கு எலும்பு உடைஞ்சா, பெத்தவங்கதான் அடிச்சாங்களோன்னு சந்தேகம் வர்றதுண்டு. பெரியவங்கன்னா பொய் சொல்றாங்கன்னு நினைக்கறோம். யாராவது "சும்மாதான் நின்னேன், உடைஞ்சிடுச்சு"ன்னு சொன்னா, முதல்ல நம்புங்க. மத்ததை எக்ஸ்ரே சொல்லும்.