இலினோய்க் கருமண் வெளியிலே

தூரதேசம் சென்று மீள்வோர் மலைகளையும் நீர்வீழ்ச்சிகளையும் மாடமாளிகைகளையும் வருணித்தல் வழக்கம். மண்ணைப் பார்ப்பதற்கென்றே பிரயாணஞ் செய்வோர் மிகச் சிலரே. ஆயினும், மலையும் இல்லாது கடலும் இல்லாது, மண் ஒன்றையே தன் பெருங் காட்சியாகக் கொண்ட பிரதேசம் ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இலினோய் மாநிலத்து நடுப்பகுதியே அது.

சிக்காகோ மாநகரை விட்டுத் தெற்கு நோக்கிச் செல்லும் புகையிரதத்தில் ஏறி, கங்ககீ நகரையும் கடந்துவிட்டால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமநிலமே விரிந்து கிடக்கும். மைலுக்கொன்றாக நேர்கோட்டிற் செல்லும் தெருக்கள், இடையிடையே பண்ணை வீடுகள், வானளாவி நிற்கும் தானியக் களஞ்சியங்கள் என்பன தவிர வேறொன்றும் எழுந்து தோன்றாது. ஆடி மாதத்தில் அவ்வழி செல்பவன் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த சோளப் பயிரையும், அதனருகே சோயா அவரையையும் அன்றி வேறு காணான். ஆனால் அந்நாட்டின் உண்மை உருவைக் காண விரும்புவோர் வசந்த காலத்தில், விதைப்புக்கு முன்னர், செல்லுதல் வேண்டும். அப்போதுதான் நிலம் தன் நிறத்தைக் காட்டி நிற்கும். மழையில் நனைந்த அம்மண் காக்கைச் சிறகுபோலக் கறுத்திருக்கும். தாழ்ந்த இடங்களிலெல்லாம் நீர் தேங்கி நின்று வானத்தைப் பிரதிபலிக்கும்.

இம்மண்ணுக்கு 'டிரம்மர்' என்று பெயர். இலினோயின் கிழக்குப் பாகத்திலே, போர்ட் என்னும் மாவட்டத்தில், கிப்சன் சிற்றி என்ற சிறு பட்டினத்தை அடுத்து டிரம்மர் ஓடை ஓடுகின்றது. 1929 ஆம் ஆண்டில் மண்ணாய்வாளர் இவ்வகை மண்ணைத் தனியினமாக வகுத்தபோது அப்பெயரையே அதற்கும் சூட்டினர். இலினோயில் மட்டும் 15 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் இம்மண் பரந்துள்ளது. நமது நாட்டிற்கு நீலோற்பலம் தேசிய மலராய் இருப்பதுபோல, அம்மாநிலத்தார் 2001 ஆம் ஆண்டில் இதனைத் தம் மாநில மண்ணாகச் சட்டமூலம் ஏற்றுக்கொண்டனர். மண்ணுக்கும் மகுடஞ் சூட்டிய மக்கள் அவர்கள்!

இம்மண் தோன்றிய வரலாறு பனிக்கட்டியோடு தொடங்குகின்றது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் வடக்கேயிருந்து நகர்ந்து வந்த பெரும் பனிக்கட்டிப் படலம் இலினோயின் வடகிழக்குப் பகுதியை மூடியிருந்தது. பின்னர் வெப்பம் மிகுந்து அது உருகிப் பின்வாங்கியபோது, அதன் விளிம்பிலிருந்து வெள்ளம் பெருகிப் பல கால்களாகப் பிரிந்து பாய்ந்தது. பனிக்கட்டி அரைத்துக் கொணர்ந்த மணலையும் மண்டியையும் களியையும் அவ்வெள்ளம் படை படையாகப் பரப்பிச் சென்றது. இவ்வாறு உருகுநீர் பரப்பிய சமவெளிகள் மேடு பள்ளம் அற்றவை. நூறடி தூரத்துக்கு இரண்டடி சரிவுகூட அங்கே பெரும்பாலும் இல்லை. அதன் பின்னர், மிசிசிப்பி, இலினோய் ஆகிய ஆறுகளின் பள்ளத்தாக்குகளிலிருந்து காற்று வாரிக் கொணர்ந்த நுண்மண், மூன்றரை அடி முதல் ஐந்தடி கனம் வரை அச்சமவெளிகளின் மேற் போர்வையாகப் படிந்தது. நீர் இட்ட அடித்தளத்தின்மேல் காற்று இட்ட போர்வை; இவ்விரண்டும் சேர்ந்ததே டிரம்மர் மண்.

அந்நிலத்தில் ஐந்தடி ஆழமான குழியொன்று வெட்டிப் பார்ப்போமாயின், அதன் சரித்திரம் முழுவதையும் சுவரிலே வாசிக்கலாம். மேலே ஓரடிக்கு மேற்பட்ட ஆழம் வரை கருமண். விரலிடை எடுத்துப் பிசைந்தால் மா போன்று மென்மையாயும், களி மிகுந்து சிறிது ஒட்டுந் தன்மையதாயும் இருக்கும். அதன் கீழ்ச் சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் நிறத்தினூடே துருப்பிடித்தாற் போன்ற செம்மஞ்சட் புள்ளிகள். இன்னுங் கீழே போனால் மணல் கலந்த இருவாட்டி மண், அடுக்கடுக்காக, பண்டை வெள்ளத்தின் அடிச்சுவடாகக் கிடக்கும். அச்சாம்பல் நிறத்திற்குக் காரணம் யாது? நீர் நிறைந்த மண்ணிற் காற்று இல்லை. காற்று இல்லாவிடத்து மண்ணிலுள்ள இரும்பு தன் செந்நிறத்தை இழந்து கரைந்து போகின்றது. வேர் சென்ற துவாரங்களின் வழியே எங்கே சிறிது ஒட்சிசன் புகுந்ததோ, அங்கே மாத்திரம் துரு படிந்து புள்ளியாய் நிற்கின்றது. ஆகவே அந்தச் சாம்பல் நிறமும் செம்புள்ளிகளும், ஆண்டுதோறும் நீர் எவ்வளவு உயரம் ஏறியது, எவ்வளவு காலம் நின்றது என்பதற்குச் சாட்சி பகரும் முத்திரைகள் ஆகும். வடிகால் இல்லாவிடின், வசந்த காலத்தில் அங்கே நீர்மட்டம் தரையை எட்டிவிடும்.

கருமை வந்த கதையும் இதனோடு தொடர்புடையதே. பல்லாயிரம் ஆண்டுகளாக இவ்வெளியிலே ஆளுயரப் புல் வளர்ந்தது. பிரேரி என்று பெயர் பெற்ற புல்வெளி அது. அப்புற்களின் உடலிற் பெரும்பாகம் மண்ணுக்குள்ளேயே மறைந்திருந்தது. சிலவற்றின் வேர்கள் ஆறடிக்கும் கீழே சென்றன. ஆண்டுதோறும் வேர்கள் மடிந்தன. காற்றுள்ள நிலமாயின் நுண்ணுயிர்கள் அவற்றை விரைவில் உண்டு தீர்த்திருக்கும். இங்கோ, தேங்கிய நீரும் நீண்ட குளிரும் அவற்றின் வேலையைத் தடுத்தன. உண்டது போக எஞ்சியது சேர்ந்தது, சேர்ந்தது கறுத்தது. இவ்வாறு மேல்மண்ணில் நூற்றுக்கு 5 பங்களவு சேதனப் பொருள் குவிந்தது. நீர் வடியாமை என்னும் குறையே அம்மண்ணின் செல்வத்தைக் காத்து வைத்த பெட்டகமாயிற்று. பின்னர் நிகழ்ந்தவை யாவற்றையும் விளங்கிக்கொள்வதற்கு இதனை மனத்திற் கொள்ளுதல் அவசியம்.

இந்நிலத்தில் கிக்கபூ முதலான பழங்குடியினர் வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்தனர். 1819 ஆம் ஆண்டு எட்வேட்ஸ்வில் என்னுமிடத்திற் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி கிக்கபூ மக்கள் மத்திய இலினோயை விட்டுக் கொடுக்க நேர்ந்தது. அவர்களின் பின் வந்த குடியேற்றக்காரர் இச்சதுப்பு வெளியை விரும்பினாரல்லர். மரங்கள் நின்ற ஆற்றோரங்களையும் மேட்டு நிலங்களையும் நாடியே வீடு கட்டினர். ஈரவெளியில் வண்டிச் சில்லுகள் அச்சுவரை புதைந்தன. கொசு பெருகி, குளிரும் நடுக்கமுமாகிய மலேரியாக் காய்ச்சல் வீடுதோறும் வந்து போயிற்று. அமெரிக்க அரசாங்கம் 1850 ஆம் ஆண்டில் இத்தகைய சதுப்பு நிலங்களைப் பயனற்றவையென மாநிலங்களுக்கே விட்டுக் கொடுத்தது.

அந்நிலத்தை மாற்றியவை இரண்டு கருவிகள். முதலாவது கலப்பை. ஒட்டுந் தன்மை வாய்ந்த அக்கருமண் பழைய இரும்புக் கலப்பைகளிற் பற்றிக்கொள்ளும். சில அடி தூரம் உழுவதும், நின்று சுரண்டுவதுமாக உழவர் இளைத்தனர். 1837 ஆம் ஆண்டில் இலினோயைச் சேர்ந்த கிராண்ட் டிற்றூர் என்னும் ஊரில் ஜோன் டியர் என்ற கொல்லர், நன்கு துலக்கிய உருக்கினாற் கலப்பை செய்தார். மண் அதில் ஒட்டாது வழுக்கிச் சென்றது. இரண்டாவது கருவி இன்னும் எளியது; ஓரடி நீளமான சுட்ட களிமண் குழாய். மூன்று நான்கு அடி ஆழத்தில் கால்வாய் வெட்டி, குழாய்களை ஒன்றோடொன்று சாந்து பூசாமல் முட்ட வைத்து, மேலே மண்ணிட்டு மூடினர். பொருத்துகளின் இடைவெளியால் நீர் உட்புகுந்து வாய்க்காலுக்கு ஓடியது. ஒருவன் நிலத்து நீர் மற்றவன் நிலத்தினூடாகவே வெளியேற வேண்டியிருந்தமையால், சட்டம் வேண்டப்பட்டது. 1879 இலும் 1885 இலும் இலினோய் இயற்றிய வடிகாற் சட்டங்கள், அயலவர் ஒன்றுகூடி வரியிறுத்துப் பொது வாய்க்கால் வெட்ட வழி செய்தன.

இன்று களிமண் குழாய்க்குப் பதிலாகத் துளையிட்ட பிளாஸ்ரிக் குழாய் வந்துவிட்டது. இலினோயில் மாத்திரம் 90 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் கீழ் இக்குழாய்கள் ஓடுகின்றன. மழை பெய்து ஓரிரு நாட் கழித்து ஆகாய விமானத்திலிருந்து நோக்கினால், குழாய் உள்ள இடங்கள் முதலிற் காய்ந்து, கரிய நிலத்தின்மேல் இலை நரம்பு போல வெளிறிய கோடுகளாகத் தோன்றும். மறைந்து கிடக்கும் ஆறுகள் தம்மைச் சிறிது நேரம் காட்டி மறையும் காட்சி அது. காய்ச்சல் நாடு களஞ்சிய நாடாயிற்று. உலகின் சிறந்த சோள நிலங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. ஆனால் 'பிரேரி மாநிலம்' என்று தன்னை அழைத்துக்கொள்ளும் இலினோயில், பழைமை குன்றாத பிரேரி இன்று பத்தாயிரத்தில் ஒரு பங்குதானும் எஞ்சவில்லை. இடுகாடுகளிலும் புகையிரதப் பாதையோரங்களிலும் சிற்சில துண்டுகளே தப்பின.

இனி, டிரம்மர் ஓடை வழியே நாமும் செல்வோம். அது சங்கமன் ஆற்றிற் கலக்கின்றது. சங்கமன் ஆறு தென்மேற்காக ஓடி, 1922 ஆம் ஆண்டில் அணையிட்டு அமைத்த டெக்கேற்றர் ஏரியை நிரப்புகின்றது. டெக்கேற்றர் நகர மக்கள் பருகுவது அவ்வேரி நீரையே. அந்நீரில் வயல்களிலிருந்து நைத்திரேற்று என்னும் உப்பு வந்து சேர்கின்றது. வடிகால் பெற்ற கருமண்ணுள் காற்றுப் புகுந்ததும், ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாய் உறங்கிய சேதனப் பொருளை நுண்ணுயிர்கள் உண்ணத் தொடங்கின. அதிலடங்கிய நைதரசன் நைத்திரேற்றாக வெளிப்பட்டது. உழவர் இடும் பசளையும் அதனோடு சேர்ந்தது. முன்னாளில் நீர் தேங்கி நின்றபோது, காற்றில்லா மண்ணில் வாழும் வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றைச் சிதைத்து வாயுவாக்கி வானத்துக்கே அனுப்பிவிடும். குழாயோ அவற்றுக்கு அவகாசம் அளிப்பதில்லை. வேருக்குக் கீழிறங்கிய உப்பு மண்ணிற் தங்காது வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ஏரிக்கும் போய்விடுகின்றது. குடிநீரில் இது மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கும். ஆதலால் டெக்கேற்றர் நகரத்தார் நைத்திரேற்றைப் பிரித்தெடுக்கும் ஆலையொன்றை அமைத்து, 2002 ஆம் ஆண்டு முதல் தேவையான காலங்களில் இயக்கி வருகின்றனர்.

அங்கே பிடிபடாதது இலினோய் ஆற்றிலும், பின் மிசிசிப்பியிலும் கலந்து மெக்சிக்கோ வளைகுடாவை அடைகின்றது. பல மாநிலங்களின் வயல்கள் அனுப்பும் பசளைச் சத்தினாற் கோடைதோறும் அங்கே பாசி பெருகி, மடிந்து, அழுகி, அடிநீரின் ஒட்சிசனை உண்டு தீர்க்கின்றது. மீன்கள் அகன்றோடுகின்றன, ஓட இயலாதவை மாள்கின்றன. 2017 ஆம் ஆண்டில் அவ்வாறு மூச்சற்ற கடற்பரப்பு 8,776 சதுர மைல் என அளக்கப்பட்டது. இலங்கைத் தீவின் பரப்பில் மூன்றிலொரு பங்கிலும் சற்று மிகுதி!

இவ்விடத்து நம்மவர் நெஞ்சில் யாழ்ப்பாணக் கிணறுகள் தோன்றாமற் போகா. அது சுண்ணாம்புக்கல், இது கருமண். அங்கே நீர் பற்றாக்குறை. இங்கே நீர் மிகை. ஆயினும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் மிகையாக இட்ட பசளையும், மலக்குழிக் கசிவும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இதே நைத்திரேற்றை ஏற்றிவிட்டமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. மண் எதுவாயினும், வேர் உண்ணாததை நீர் கொண்டு செல்லும் என்னும் நியதி ஒன்றே.

இலினோய் மக்கள் வாளாவிருக்கவில்லை. 2015 ஆம் ஆண்டில் அம்மாநிலம் சத்திழப்பைக் குறைக்கும் திட்டமொன்றை வகுத்தது. அறுவடைக்குப் பின் றை முதலிய மூடுபயிர்களை வளர்த்து எஞ்சிய சத்தை வேரினாற் பிடித்தல், குழாயின் வாயில் மரத்துண்டுகள் நிரப்பிய அகழி அமைத்துப் பழைய பற்றீரியாக்களுக்கு மீண்டும் தொழில் கொடுத்தல், வயலோரத்திற் சிறு சதுப்புகளை உண்டாக்கி நீரைச் சில நாள் தங்க வைத்தல் என்பன அதிற் சேர்ந்த வழிகள். இவற்றிற்குப் பணம் வேண்டும், நிலமும் வேண்டும். பயன் பெறுவோர் தொலைவில் உள்ளோர். செலவு செய்வோர் வயலுக்குடையோர். அதனாலேயே வேலை மெல்ல நடக்கின்றது.

பாட்டனார் காசு கொடுத்து வெளியேற்றிய நீரைப் பேரனார் காசு கொடுத்துச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கின்றார். இதனைக் கண்டு நகைப்பதற்கில்லை. காய்ச்சலிலே பிள்ளைகளைப் பறிகொடுத்தவன் சதுப்பை வெறுத்ததில் வியப்பென்ன? அவன் வடித்த நிலமே கோடிக்கணக்கான வாய்களுக்கு உணவளித்தது. ஆனால் அம்மண் பனிக்கட்டிக் காலந் தொட்டுத் தன் வரவு செலவை நீரிலேயே எழுதி வந்தது. வரவை எடுத்துக்கொண்டோர் செலவையும் ஏற்றல் வேண்டும் என்பதை டெக்கேற்றர் ஏரி இன்று எடுத்துரைக்கின்றது. வசந்த காலத்தில் அவ்வழி செல்லும் பிரயாணி, கரிய வயல் நடுவே வானத்தைக் காட்டித் தேங்கி நிற்கும் சிறு நீர்ப்பரப்பைக் காண்பானாயின், அதனைப் பாழிடம் என எண்ணிக் கடந்து போகாதிருப்பானாக. அம்மண்ணைக் கறுப்பாக்கிய கை அதுவே.