பட்டியலில் ஏறாத மரணங்கள்

2013-இல் இத்தாலிய, ஜெர்மன் மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வின் முடிவு வெளிவந்தது. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபியே இல்லாமல், ஆட்ரா என்ற வைட்டமின்-ஏ வகை மாத்திரையும் ஆர்செனிக் டிரையாக்சைடும் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிரிவில் மதிப்பிட முடிந்த 77 பேருக்கும் நோய் முழுமையாக அடங்கியது. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, சுவீடன் தன் தேசியப் பதிவேட்டிலிருந்து வேறொரு கணக்கை வெளியிட்டிருந்தது. 1997 முதல் 2006 வரை அதே நோய் கண்டறியப்பட்ட 105 பேரில் 29 சதவீதத்தினர் முப்பது நாளுக்குள் இறந்துவிட்டார்கள். அப்படி இறந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஆட்ராவின் ஒரு வேளை மருந்துகூடக் கிடைக்கவில்லை. மருந்துக்கூட்டு மாறியது இந்த இடைவெளிக்கு ஒரு காரணம்தான். ஆனால் பெரும்பகுதி, யாரை எண்ணினார்கள் என்பதில் இருக்கிறது. சுவீடன் நோய் வந்தவர்களை எண்ணியது. மற்றது ஆய்வுக்குள் வந்து சேர்ந்தவர்களை எண்ணியது. மருத்துவ ஆய்வைத் தொழிலாகச் செய்கிற எங்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. தெரிந்தும், வந்து சேராதவர்களை எங்கள் கேள்விக்கு வெளியே வைத்துவிட்டோம் என்பதுதான் என் வாதம். மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள ரிங்லெட் போன்ற ஓர் ஊரிலிருந்து பார்த்தால் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

இந்த நோயை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இது புற்றுநோய் என்றாலும், முதல் நாட்களில் ஆளைக் கொல்வது இரத்தம் உறையும் ஒழுங்கு குலைவதுதான். நோயணுக்கள் உறைதலைத் தூண்டும் பொருளை ஓயாமல் வெளிவிடுகின்றன. அவற்றின் மேற்பரப்பிலேயே இருக்கும் அனெக்சின்-2 என்ற புரதம், உறைந்ததைக் கரைக்கும் வேலையையும் முடுக்கிவிடுகிறது. இப்படி இருபுறமும் இழுபட்டுத் தட்டணுக்களும் ஃபைப்ரினோஜனும் தீர்ந்துபோக, மூளையிலோ நுரையீரலிலோ இரத்தம் கசிகிறது. 1988-இல் ஷாங்காய் மருத்துவர்கள் ஆட்ரா கொடுத்த 24 பேரின் விவரத்தை வெளியிட்டபோது உலகம் வியந்தது, அத்தனை பேருக்கும் நோய் அடங்கியதற்காக மட்டுமல்ல. உறைதல் கோளாறும் சில நாட்களில் தணிந்தது. அதனால்தான் இன்றைய வழிகாட்டுதல்கள், மரபணுச் சோதனை முடிவுக்குக் காத்திருக்காதே, சந்தேகம் வந்ததுமே ஆட்ராவைத் தொடங்கு என்கின்றன. தட்டணுக்களை மைக்ரோலிட்டருக்கு 30,000 முதல் 50,000-க்கு மேலே வைத்திரு, ஃபைப்ரினோஜனை ஈடுகட்டு என்பதும் அதே மூச்சில் சொல்லப்படுகிறது. இரத்தப் புற்றுநோய்களில் எளிதாகக் குணமாகக்கூடியவற்றில் ஒன்றும் இதுதான், மணிக்கணக்கில் ஆளைப் பறிப்பதும் இதுதான்.

இப்போது ரிங்லெட்டுக்கு வருவோம். ஊர் பகாங் மாநிலத்தில் இருக்கிறது. மாநிலத் தலைநகர் குவாந்தானோ தொலைவில், கிழக்குக் கரையில். இங்கே ஒருவருக்கு நோய் முற்றினால் முதலில் இன்னும் மேலே ஏறித் தானா ராத்தா மாவட்ட மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கிருந்து பேராக் பக்கம் இறங்கி ஈப்போ. அதற்கும் மேல் என்றால் கோலாலம்பூரை ஒட்டிய அம்பாங் மருத்துவமனை, நாட்டின் இரத்தவியல் மேல்சிகிச்சை மையம். மழைக்காலத்து மண்சரிவைக் கணக்கில் சேர்க்காமலே இது நீண்ட வழி. ஆனால் சாலையை மட்டும் குறை சொல்வது சரியல்ல. அதற்கு முன்பே நேரம் கரைந்துவிடுகிறது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவரின் உடம்பில் நீலம் பாய்ந்தால் எங்கேயோ இடித்துக்கொண்டதாக நினைப்பார்கள். களைப்பு என்றால் வேலைக் களைப்பு. பெண்களுக்கு மாதவிடாய் நிற்காமல் போனால் அதை யாரிடமும் சொல்வதே இல்லை. ஈறில் இரத்தமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தபிறகே கிளினிக். அங்கே எடுக்கும் இரத்த எண்ணிக்கையில் வெள்ளணு குறைவு, தட்டணு குறைவு. இந்த நாட்டில் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற எந்த மருத்துவர் மனதிலும் முதலில் தோன்றுவது டெங்கிதான். நியாயமும்கூட, பெரும்பாலான நேரம் அது டெங்கிதான். வேறுபாடு அதே தாளிலேயே இருக்கிறது: டெங்கி முற்றும்போது நீர் கசிந்து இரத்தம் கெட்டிப்படும், சிவப்பணுக்களின் விகிதம் ஏறும், இந்த நோயில் ஹீமோகுளோபின் பெரும்பாலும் ஏற்கெனவே இறங்கியிருக்கும். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தீற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், விறகுக்கட்டுபோல ஊசிகள் அடுக்கிய அணுக்கள் தெரிந்துவிடலாம். அதற்கு ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்கவேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும், அவ்வளவே.

எங்கள் ஆய்வுத் திட்டங்களில் முதல் நாள் எப்போது தொடங்குகிறது? நோய் மரபணுவால் உறுதியாகி, நோயாளி சுயநினைவோடு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகு. 2013-இன் அந்த ஆய்வில் வெள்ளணு எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டியவர்களுக்கு இடமில்லை, உடல்நிலை மிக மோசமானவர்களுக்கும் இல்லை. இதற்கு நல்ல காரணங்கள் உண்டு. மருந்து எது சிறந்தது என்று அறிய வேண்டுமானால், இரு மருந்தையும் வாங்கிக்கொள்ளும் நிலையில் இருப்பவர்களைத்தானே ஒப்பிட முடியும்? மூளையில் இரத்தம் கசிந்து வண்டியிலேயே இறந்தவர் எந்த மருந்துக்கும் எதிரான சாட்சி அல்லர். சக ஆய்வாளர்கள் சொல்லும் இந்த மறுப்பை நான் முழுவதும் ஏற்கிறேன். சண்டை அந்த எண்ணோடு அல்ல, அது பிறகு போய்ச் சேரும் இடத்தோடுதான். நூற்றுக்கு நூறு என்ற முடிவு பாடப்புத்தகத்தில் ஏறி, ‘இந்த நோய் தீர்ந்த பிரச்சினை’ என்று மாணவர்களுக்குச் சொல்லப்படுகிறது. தீர்ந்த பிரச்சினைக்கு யாரும் ஆய்வுப் பணம் தருவதில்லை.

வந்து சேர்வதையே ஆய்வு செய்ய முடியுமா என்றால், செய்திருக்கிறார்கள். பிரேசில், மெக்சிகோ, சிலி, உருகுவே மருத்துவர்கள் அமெரிக்க இரத்தவியல் சங்கத்தின் துணையோடு ஒரு கூட்டமைப்பை அமைத்தார்கள். புதிய மருந்து எதையும் கொண்டுவரவில்லை. சந்தேகம் வந்ததும் ஆட்ரா, விரைவான உறுதிப்படுத்தல், இரத்தப்பொருள்களைத் தாராளமாக ஏற்றுவது, சிக்கல் வந்தால் பேச ஓர் ஆள்; இவைதான் அவர்களின் தலையீடு. 180 பேர் பற்றிய முடிவு 2013-இல் வெளியானது. முன்பு பிரேசிலில் 32 சதவீதமாக இருந்த ஆரம்பகால மரணம் 15 சதவீதமாகக் குறைந்தது. இது குலுக்கல் முறை ஆய்வல்ல, பழைய கணக்கோடு ஒப்பிட்டதுதான். காலப்போக்கில் பொதுவாகவே சிகிச்சை மேம்பட்டதும் அதில் கலந்திருக்கும். அப்படிக் கழித்தாலும் மிஞ்சுவது சிறிதல்ல.

இன்னொரு மறுப்பு கூர்மையானது. வசதியில்லாத இடத்துக்கென்று தனியாகக் கேள்வி கேட்பது, ஏழைகளுக்குத் தாழ்ந்த தரத்தில் ஓர் அறிவியலை ஏற்படுத்துவது ஆகாதா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அனுபவத்தை இதற்குப் பதிலாக வைப்பேன். விக்ரம் மேத்யூஸும் அவரது குழுவினரும் 1998 முதல் 2004 வரை 72 பேருக்கு ஆர்செனிக்கை மட்டுமே மருந்தாகக் கொடுத்தார்கள். ஆட்ராவும் கீமோதெரபியும் சேர்ந்த அன்றைய உயர்தரச் சிகிச்சைக்குப் பல குடும்பங்களால் பணம் கட்ட முடியாது, கீமோதெரபிக்குப் பின் வரும் தொற்றுக்குச் செலவழிக்கவும் முடியாது என்ற நிலையிலிருந்து பிறந்த ஆய்வு அது. 86 சதவீதத்தினருக்கு நோய் முழுமையாக அடங்கியது என்று 2006-இல் அறிவித்தார்கள். டெஹ்ரானிலும் அதே பாதையில் நடந்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து ஐரோப்பா கீமோதெரபியைக் கைவிட்டபோது, வேலூர் போயிருந்த திசையில்தான் அதுவும் வந்து நின்றது. இதை முழுக்க வேலூரின் வெற்றியாக்க முடியாது. ஆட்ரா சேர்ந்ததால்தான் முடிவு இன்னும் உயர்ந்தது, ஹார்பினிலும் ஹூஸ்டனிலும் இந்த மருந்துகளை வைத்துச் செய்த வேலையும் அடியில் இருக்கிறது. ஆனால் இல்லாமையிலிருந்து எழுந்த கேள்வி தாழ்ந்த கேள்வியாக இருக்கவில்லை. (பாஷாணம் நம் சித்தர்களுக்குத் தெரிந்ததுதானே என்று உடனே கிளம்புகிறவர்கள், அளவறிந்து, ஒவ்வொரு நோயாளியின் இதயத்துடிப்புப் படத்தையும் பார்த்துக் கொடுத்த மருந்து இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.)

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு எண்ணிக்கையைப் பற்றியது. கேமரன் மலை மாவட்டத்தில் சில பத்தாயிரம் பேர்தான் வாழ்கிறார்கள். இவ்வளவு அரிய நோய் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட இங்கே தலைகாட்டாமல் போகலாம். அலமாரியில் வைத்த ஆட்ரா காலாவதியாகிக் குப்பைக்குப் போகும். அதே பணத்தில் நீரிழிவுக்கு எவ்வளவோ செய்யலாம். இது சரியான கணக்கு. ஆகவே ரிங்லெட்டில் மருந்து வை என்று நான் கேட்கவில்லை. ஆய்வின் அலகு ஓர் ஊராக இருக்க முடியாது, நாட்டின் மாவட்ட மருத்துவமனைகள் அத்தனையும் சேர்ந்துதான் இருக்க வேண்டும். இரத்தத் தீற்றலின் படத்தைக் கைபேசியில் அனுப்பி நிபுணரிடம் உடனே கருத்துக் கேட்பது, நோயாளி இறங்கும் வழியிலேயே ஈப்போவில் மாத்திரையும் தட்டணுவும் தயாராக நிற்பது ஆகியவற்றை ஒரு வட்டாரத்துக்குப் பின் இன்னொரு வட்டாரமாக அறிமுகப்படுத்தி, முன்னும் பின்னும் மரணங்களை ஒப்பிடலாம். எந்த வட்டாரம் முதலில் என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தால் முறையியலும் வலுப்படும். இதே ஏற்பாடு திராம்போட்டிக் திராம்போசைட்டோபீனிக் பர்புரா என்ற உறைதல் நோய்க்கும் உதவும். அதிலும் தட்டணு குறையும், அதையும் காய்ச்சலென்று கடந்துபோக வாய்ப்புண்டு, பிளாஸ்மா மாற்றம் தாமதமானால் அதுவும் கொன்றுவிடும்.

இதற்கெல்லாம் ஒரு சிறிய மாற்றம் முன்னதாக வேண்டும். குலுக்கல் முறை ஆய்வுகளை வெளியிடுவதற்கென 1996 முதல் நடைமுறையில் இருக்கும் கான்சார்ட் விதிகளின்படி, ஒவ்வொரு கட்டுரையிலும் நோயாளிகள் படிப்படியாக இறங்கிவரும் ஒரு வரைபடம் இருக்கும். அதன் உச்சியில் நிற்பது ‘தகுதிக்காகப் பரிசோதிக்கப்பட்டவர்கள்’ என்ற பெட்டி. அதற்கும் மேலே இன்னொரு பெட்டி வரையலாம்: அதே காலத்தில், அதே வட்டாரத்தில், இந்த நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், இங்கே வருமுன் இறந்தவர்கள் எத்தனை பேர், முதல் இரத்த எண்ணிக்கைக்கும் முதல் வேளை மருந்துக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்று. இறந்தவரிடம் ஒப்புதல் வாங்க முடியாதே என்பார்கள்; ஆபத்தில்லாத பதிவேட்டுத் தகவலுக்கு ஒப்புதலிலிருந்து விலக்களிக்கும் அதிகாரம் நெறிமுறைக் குழுக்களுக்கு உண்டு. உண்மையான தடை வேறு. ஆட்ராவும் ஆர்செனிக்கும் பழைய மருந்துகள். மணி நேரத்தைக் குறைப்பதால் எந்த நிறுவனமும் எதையும் விற்கப்போவதில்லை. அப்படி ஒரு பெட்டியை வரைந்தால் முதல் சில ஆண்டுகளில் எங்கள் முடிவுகள் இப்போதைவிட மோசமாகத்தான் தெரியும். செலவை மலேசியச் சுகாதார அமைச்சு ஏற்க வேண்டியிருக்கும். அந்த மோசமான எண்ணைத் தங்கள் பெயரோடு அச்சிட ஆய்வாளர்களும் சம்மதிக்க வேண்டும்.