கோயில் தேதியும் ஒரு ரத்தப் பரிசோதனையும்



போன வெள்ளிக்கிழமை நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயில்ல பூசை முடிஞ்சு, அன்னதானப் பாத்திரம் கழுவும்போது ஒரு பேச்சு வந்துச்சு. கல்யாணத்துக்குத் தேதி கேட்டு வர்றவங்ககிட்ட தலசீமியா ரிப்போர்ட்டையும் கேக்கணும், ரெண்டு பேருக்கும் இருந்தா தேதி கொடுக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சொன்னார். நாங்க வாயத் திறக்கல. வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரல. மககிட்டயும் மாப்பிள்ளைகிட்டயும் கேட்டு, அவங்க சரின்னு சொன்ன பிறகுதான் இத எழுதுறோம்.

தலசீமியா பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைக்கு வர்ற ரத்தக் குறைபாடு. கேரியரா இருக்கிறவங்க நம்மளப் போல நல்லாத்தான் இருப்பாங்க. ஆனா புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கேரியர்னா, பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு இருக்கு. நோய் கடுமையா வந்தா மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்தணும். நம்ம நாட்டுல 2016-ல இருந்து நான்காம் படிவப் பிள்ளைங்களுக்குப் பள்ளியிலேயே இந்தப் பரிசோதனை நடக்குது. பெத்தவங்க சம்மதிச்சாத்தான் எடுப்பாங்க.

எங்க மகளுக்கும் எடுத்தாங்க. கேரியர்னு வந்துச்சு. வரன் வராதுன்னு பயந்து அந்தக் கடிதத்த சாமி படத்துக்குப் பின்னால வச்சிட்டோம். பத்துப் பொருத்தமும் பாத்து வரன் வந்தப்பவும் "சொல்லாதம்மா"ன்னோம். அவ பையன்கிட்ட நேராவே சொல்லிட்டா. அவரும் டெஸ்ட் எடுத்தார். அவரும் கேரியர்.

ரெண்டு வீட்டுலயும் அழுகை. கல்யாணம் வேணாம்னு நாங்க சொன்னோம். மக கேட்டா: "அன்னைக்கு மறைக்கச் சொன்னதும் நீங்க, இன்னைக்கு நிறுத்தச் சொல்றதும் நீங்க. என்னைய எப்பப்பா கேப்பீங்க?"

எங்ககிட்ட பதில் இல்ல. ரெண்டு பேரும் டாக்டரப் பாத்து எல்லாத்தையும் தெரிஞ்சிக்கிட்டு, இதே கோயில்ல தாலி கட்டிக்கிட்டாங்க. பிள்ளை விஷயம் அவங்க முடிவு. நாங்க கேக்கிறதில்ல, அம்மன்கிட்ட வேண்டிக்கிறதோட சரி.

கஷ்டப்படப் போறது பிள்ளைதானேன்னு நீங்க கேக்கலாம். அந்தக் கேள்வி எங்களுக்கும் வலிக்குது. ஆனா தேதி கொடுக்க மாட்டோம்னு சொன்னா நோய் நிக்காது. எங்களப் போல எல்லாரும் கடிதத்த மறைப்பாங்க, அவ்ளோதான்.

இந்த நோய் அதிகமா இருந்த சைப்ரஸ் தீவுல, 1983-ல இருந்து தேவாலயத்துல கல்யாணம் பண்ண ஒரு சான்றிதழ் கேட்டாங்க. பரிசோதனை செஞ்சாங்க, ஆலோசனை கேட்டாங்கன்னு மட்டும்தான் அதுல இருக்கும். ரிசல்ட் இருக்காது. கல்யாணம் பண்றதா வேணாமாங்கறது அவங்க ரெண்டு பேர் இஷ்டம்.

நாங்க கேமரன் மலையில தேயிலை ஃபேக்டரி சூப்பர்வைசர். நல்ல தாய்ச்செடியில கிளை வெட்டி, அதையே மலை முழுக்க நடலாம். செடியக் கேக்க வேண்டியதில்ல. மனுசங்களக் கேக்கணும்.

அதனால பிள்ளைங்க பாரம் கொண்டு வந்தா கையெழுத்து போடுங்க. ரிசல்ட்ட மறைக்காதீங்க, ஊருக்கும் சொல்லாதீங்க. பிள்ளை கையில கொடுங்க.

தப்பா எழுதியிருந்தா மன்னிக்கணும். அம்மன் துணை.