சத்தமாக வெளியே போனது வீணாய்ப் போன மருந்து

வெடி போகும்போது கல்லைப் பார்க்காதே, குழிவாயில் எழும் புகையைப் பார் என்பார் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி. புகை நெட்டுக்குத்தாகப் பீறிட்டு எழுந்தால், பாறையைப் பிளக்க வேண்டிய வேகம் ஆகாயத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். ஊரை அலறவைக்கும் சத்தமும் அதுதான். நல்ல வெடி ‘தும்’மென்று அடங்கிக் கேட்கும், முகப்பு அப்படியே முன்னே தள்ளி உட்காரும். குமாரலிங்கபுரத்துப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இந்த வேலைக்கு வரப்போவதாகச் சொல்வதால் இதை எழுதுகிறேன். ஊருக்குப் பக்கத்தில் கல் உடைக்கிறவனுக்குச் சத்தத்தை அடக்குவதுதான் முதல் பாடம்.

சத்தம் அடங்குவது பெரும்பாலும் அடைப்பில். ஜாக் ஹேமரில் போடும் 32 மில்லிமீட்டர் குழியில் தோட்டாவை இறக்கியதும், மேல்பாகத்தை எதைக் கொண்டு கெட்டிக்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். அவசரக்காரர்கள் கையில் கிடைத்த மண்ணை அள்ளிப் போட்டு, சாக்குத் துண்டைத் திணித்துவிட்டுப் போவார்கள். மண் மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். கிரஷரில் சலித்த, அரிசிப் பருமன் குருணைச் சல்லி அப்படி வராது. கீழிருந்து அழுத்தம் ஏற ஏற, முனை முனையாக ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு குழிச்சுவரில் இறுகும். மேஸ்திரி ஒவ்வொரு கை சல்லிக்கும் மரக்கம்பால் மெதுவாகத் தட்டுவார். இரும்புக் கம்பியை அந்தப் பக்கமே வரவிடமாட்டார். கம்பு ‘சொத் சொத்’ என்று விழுவது மாறி, ‘டொக்’ என்று கை திருப்பி அடிக்கும் வரை அடுத்த கை போடமாட்டார். முகப்பிலிருந்து குழி எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, ஏறக்குறைய அந்த அளவுக்கு அடைப்பு வேண்டும். ஒரு தோட்டா கூடுதலாகப் போடலாமே என்று அந்த இடத்தைத் திருடினால், அந்தத் தோட்டா சத்தமாகத்தான் வெளியே போகும்.

அடுத்தது டி-கார்டு என்கிற வெடிக் கயிறு. தரையில் திறந்தபடி கிடக்கும் அந்தக் கயிறு வெடிப்பது குழிக்குள் இருப்பதைவிடக் காதைக் கிழிக்கும். அதற்குப் பதிலாக வெடியை மூட்டும் நோனல் குழாய் வந்த பிறகு டி-கார்டைத் தரையில் போட அவசியமே இல்லை. போட்டே ஆகவேண்டுமென்றால் குருணை மண்ணால் மூடிவிடுங்கள். குழிகளை 25 மில்லி செகண்ட் இடைவெளி கேப்புகளால் (வெடிமூட்டிகளால்) பிரித்து விடுங்கள். மொத்தம் எத்தனை கிலோ போட்டோம் என்பதைவிட, ஒரே நொடித்துணுக்கில் எத்தனை கிலோ வெடிக்கிறது என்பதுதான் வீட்டை ஆட்டுகிறது.

பெருங்கல் விழுந்தால் அதன் மேல் மருந்தை வைத்து மண் பூசி வெடிப்பது பழைய பழக்கம். ஊர்ப்பக்கத்தில் இதை அடியோடு விடவேண்டும் என்பது என் கட்சி. மருந்தில் முக்கால்வாசி காற்றில்தான் போகும். ஹிட்டாச்சியில் பிரேக்கர் மாட்டி உடையுங்கள். அதுவும் டொக்கு டொக்கென்று அடித்துக்கொண்டேதான் இருக்கும். ஆனால் குவாரிப் பள்ளத்தின் அடித்தளத்தில், பகலில் மட்டும் அடித்தால் ஊர் பொறுத்துக்கொள்ளும்.

நேரம் பார்ப்பது தனிக் கலை. மார்கழி, தை விடியலில் இரண்டு ஊர் தள்ளியிருக்கும் கோயில் ரேடியோ நம் திண்ணையில் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். தரையோடு குளிர்காற்றும் அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்றும் நிற்கும்போது சத்தம் மேலே போகாமல் வளைந்து கீழே இறங்கும். வெடியும் அப்படித்தான். வெயில் ஏறி, நிலம் சூடாகி, காற்று கலையட்டும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசும்போது கிழக்கே இருக்கிற ஊருக்குத்தான் முழுச்சத்தமும் போய்ச் சேரும். அன்றைக்கு நிறுத்துவதில் நட்டமில்லை. பாத்திரம் உருண்டு கதவு படபடத்தால் நிலம் ஆடியதாகச் சொல்வார்கள். பல நேரம் அது காதுக்கே கேட்காத தாழ்ந்த காற்றலையின் வேலை. அதற்காக அவர்களைப் பொய் சொல்கிறவர்கள் என்று நினைக்கக் கூடாது.

கரிசல் ஊரில் இன்னொன்று. கோடையில் நிலம் வெடித்து மழையில் பொதுமுவதால் சுவர் தானாகவே கீறல் விடும். எது பழைய கீறல், எது நம்மால் வந்தது என்று பிறகு வாதாடிப் பயனில்லை. வேலை தொடங்குமுன் வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கீறலையும் தேதியோடு படம் எடுங்கள். அதிர்வுமானியை ஆபீஸ் வாசலில் வைக்காமல், அந்த வீட்டின் அஸ்திவாரத்தை ஒட்டி வையுங்கள். 1997 சுரங்கப் பாதுகாப்புச் சுற்றறிக்கைப்படி, தாழ்ந்த அதிர்வெண்ணில் ஊரார் வீட்டில் அதிர்வின் வேகத்துக்கு நொடிக்கு 5 மில்லிமீட்டர்தான் எல்லை.

கிரஷர் சத்தம் வேறு வகை; நாள் முழுக்க ஓடுகிற எரிச்சல். குடியிருப்புக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்துக்கு மேல் 45 என்பது 2000-ஆம் ஆண்டு விதி. சல்லி விழும் தொட்டிக்கு உள்ளே ரப்பர் ஒட்டுங்கள், சல்லடையை மூடுங்கள், காலி டிப்பரின் பின்கதவைச் சங்கிலியால் இறுக்குங்கள். சீமைக் கருவேலம் வரிசையாக நின்றால் தூசி கொஞ்சம் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. மேல்மண்ணையும் கழிவுக் கல்லையும் ஊர்ப்பக்கம் கரையாகக் கொட்டி, வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் கிரஷர் தெரியாத உயரத்துக்கு ஏற்றுங்கள். தடுப்பது அந்தக் கரைதான்.

2024 மே 1 அன்று காரியாபட்டிப் பக்கம் ஆவியூர் அருகே குவாரியின் வெடிமருந்து அறை வெடித்து 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் ஜனங்கள் நெஞ்சில் கைவைப்பது நியாயம். சங்கு ஊதுவதோடு நிற்காமல், இன்ன நேரம் வெடி என்று கடைசி வீட்டு ஆத்தாவுக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள்.

குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை கிடையாது என்பது தமிழ்நாட்டு விதி. அதற்கு உள்ளே வெடி வைக்கச் சொல்லி யார் கூப்பிட்டாலும், எவ்வளவு கூலி கொடுத்தாலும் போகாதீர்கள் தம்பிகளா. வேலைக்குச் சேர்ந்தால் கேப்பு மாட்ட அவசரப்படாமல், முதலில் குருணை கெட்டிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.