செவி எனும் அமானிதம்

கண் எழுத்தைக் கற்பதற்கு முன்னரே காது அதனைக் கற்றுவிடுகிறது. மக்தபில் ஓதிக்கொடுக்கும் நாம் இதனை நன்கறிவோம். சளிக்குப்பின் நடுக்காதில் நீர் தங்கிய பிள்ளைக்கு ‘ஸீ’னும் ‘ஸா’தும் ஒன்றாகவே ஒலிக்கும், அதனைக் கவனக்குறைவென்று கடிந்துகொள்வது முறையன்று.

மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழல் சிறுவர்க்குக் குட்டையாகவும் கிடையாகவும் இருப்பதால், கிருமிகள் எளிதில் ஏறிவிடுகின்றன. மருந்து தேவைப்படின் மருத்துவர் பெரும்பாலும் முதலில் தருவது அமாக்சிசிலின். சில கிருமிகளோ அதனைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. அந்நொதியைக் கட்டிப்போடுவதே கிளாவுலானிக் அமிலத்தின் பணி. இரண்டும் சேர்ந்த மருந்து 1981இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது.

முந்திய 30 நாட்களுள் அமாக்சிசிலின் உண்ட பிள்ளைக்கும், காதுநோயுடன் கண்ணிலும் சீழ் வடியும் பிள்ளைக்கும் இக்கூட்டு மருந்து ஏற்றதென அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2013ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. நோய் கடுமையற்ற, இரண்டு வயது கடந்த பிள்ளையை 48 முதல் 72 மணி நேரம் மருந்தின்றிக் கண்காணிக்கவும் அது இடமளிக்கிறது.

ஆதலின், தாய்மார்களே! அண்ணனுக்குத் தந்ததில் எஞ்சியதைத் தம்பிக்கு ஊற்றாதீர்கள். கரைத்த மருந்து நாட்பட்டால் வீரியம் இழக்கும். பென்சிலின் ஒவ்வாத பிள்ளைக்கோ அது உயிருக்கே ஆபத்தாகலாம். வயிற்றுப்போக்குக் கண்டால் மருத்துவரைக் கேளுங்கள். வலி தணிந்ததென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நோய் நீங்கிய பின்னும் காதில் நீர் சில வாரங்கள் தங்குவதுண்டு. அதுவரை அப்பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தி, நிதானமாக ஓதிக்கொடுப்பது ஆசிரியராகிய நம் கடன்.