காலைப் பூ, மாலைப் பூ

திருப்பூரில் பொழுதை மணிக்கணக்கில் சொல்வதைவிட ஷிப்ட் கணக்கில் சொல்வதுதான் வழக்கம். காலை எட்டரைக்கு ஆரம்பித்து மாலை ஐந்தரைக்கு முடிந்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை. பையனாக இருக்கும்போது பனியன் கம்பெனியில் கைமடிக்கச் சேர்ந்தேன். பிறகு ஓவர்லாக் டெய்லர், அப்புறம் காண்ட்ராக்ட், கடைசியில் சொந்தமாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட். வயது ஐம்பதைத் தாண்டும்வரை என் நாள் எட்டரைக்குத்தான் விடிந்தது. அந்தப் பழக்கத்தை அப்படியே தோட்டத்துக்கும் எடுத்துப்போனேன். அதில் என் பணம் போனது. அதோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

தோட்டம் பொங்கலூருக்குத் தெற்கே இருக்கிறது. எங்கய்யன் விட்டுப்போனது. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் சேர்ந்த பூமி. மொத்தம் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்து, முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். நம் மண்டலத்துக்கு முறை வரும் வருஷம் வாய்க்கால் தண்ணீர் வயலுக்குப் பாய்வதைவிடக் கிணற்றில் ஊறுவதுதான் பெரிய பலன். நொய்யல் ஓரத்துச் சொந்தக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லாமல் போனது. சாயத் தண்ணீர் இறங்கிக் கிணறுகள் உப்பாயின. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை முழுதாகச் சுத்திகரிக்காத சாய ஆலைகளை மூடச் சொன்னது. நான் தைத்த துணிக்கும் அந்த ஆற்றங்கரையில்தான் சாயம் போட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அது சாயப்பட்டறைக்காரர் செய்த தப்பு, நாம் வெறும் தையல்தானே என்று இருந்துவிட்டேன்.

2022-ல் நூல் விலை தாறுமாறாக ஏறியது. மே மாதம் இரண்டு நாள் ஊரே வேலையை நிறுத்திப் பார்த்தது. அதற்கப்புறம் வெளிநாட்டு ஆர்டரும் குறைந்தது. பெரிய கம்பெனிக்கே வேலை இல்லாதபோது எங்களைப் போன்ற ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு யார் துணி கொடுப்பார்கள்? பாதி மெஷினுக்கு உறை போட்டு மூடி வைத்தேன். குத்தகைக்கு விட்டிருந்த தோட்டம் அப்போதுதான் கைக்குத் திரும்பியிருந்தது.

தர்பூசணியை நான் தேர்ந்தெடுத்த காரணத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. மண்ணைப் பார்த்தோ, அந்தப் பயிர் தெரிந்தோ தேர்ந்தெடுக்கவில்லை. அறுபத்தைந்து, எழுபது நாளில் முடிகிற பயிர். எனக்கு அது ஒரு ஷிப்மென்ட் மாதிரித் தெரிந்தது. நாற்றுப் பண்ணையில் குழித்தட்டு நாற்று வாங்கலாம், மல்சிங் ஷீட் விரிக்கலாம், சொட்டுநீர் போடலாம். சிறு குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு அரசு முழு மானியம் தருகிறது. வியாபாரி தோட்டத்துக்கே லாரி கொண்டுவந்து டன் கணக்கில் எடை போட்டு எடுத்துப்போவார். எல்லாவற்றையும் தேதி வாரியாக நோட்டில் எழுதினேன். ஜனவரிக் கடைசியில் நடவு, ஏப்ரல் முதல் வாரம் அறுவடை. மாம்பழம் சந்தைக்கு வருவதற்குள் காயை விற்றுவிட வேண்டும். வீட்டில் இருந்த நகையை வங்கியில் வைத்து நான்கு ஏக்கரில் நட்டேன்.

நாள் தவறாமல் காலை ஆறு மணிக்குத் தோட்டத்தில் இருப்பேன். எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவேன். மிச்சமிருந்த மெஷினுக்கு யாராவது எட்டரைக்குக் கதவைத் திறக்க வேண்டுமே. கொடி நன்றாக ஓடியது. பெண் பூ அதிகம் எடுக்க எத்ரல் அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். பூவெடுக்கும் நேரத்தில் கொழுந்தில் இலைப்பேன் தெரிந்தது. கண்ணுக்குச் சரியாகக்கூடப் படாத பூச்சி. ஆனால் தர்பூசணியில் நுனி கருகும் வைரஸை அதுதான் பரப்பும். ஒரு வாரம் விட்டால் தோட்டமே போய்விடும் என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். பயந்துபோய் இமிடாகுளோபிரிட் வாங்கினேன்.

எப்போது அடிப்பது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாமா ஒருவர் பந்தல் போட்டு பீர்க்கனும் பாகலும் வைத்திருந்தார். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, வருஷக்கணக்காகப் பந்தல் காயிலேயே பிழைக்கிறவர். பறித்த காயைத் தென்னம்பாளையம் உழவர் சந்தைக்கு விடிவதற்கு முன்பே கொண்டுபோய்ச் சேர்ப்பார். 1999-ல் உழவர் சந்தை ஆரம்பித்த காலத்திலேயே அடையாள அட்டை வாங்கியவர். அவர் காலையில் விசைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு பந்தலுக்குள் போவதை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு அனுபவசாலி காலையில் அடிக்கிறார், அப்புறம் என்ன? நானும் ஆள் விட்டு ஆறரை மணிக்கு ஆரம்பித்தேன். எட்டு மணிக்குள் வேலை முடிந்தது. என் நேரத்துக்கும் சரியாக இருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. இலைப்பேன் குறைந்தது, எனக்கு நிம்மதி.

பிறகுதான் தோட்டத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டது. பெண் பூவின் அடியில் இருக்கும் குட்டிப் பிஞ்சு இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகி உதிர்ந்தது. கொடி மட்டும் காடாக மண்டியது. சத்துக் குறைவு என்றார் ஒருவர், நுண்ணூட்டம் வாங்கினேன். தண்ணீர் அதிகம் என்றார் இன்னொருவர், குறைத்தேன். நின்ற காய்களும் உருண்டையாக வரவில்லை. ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பி, சுரைக்காய் மாதிரிக் கோணிக்கொண்டு நின்றன.

மார்ச்சில் ஒரு நாள் எங்கள் கம்பெனிப் பகுதியில் மாதாந்திர மின்தடை. பகல் முழுக்க கரண்ட் இருக்காது. ஆட்களுக்கு லீவு விட்டுவிட்டு, அன்றுதான் முதல்முறையாகப் பொழுது சாயும்வரை தோட்டத்தில் இருந்தேன்.

காலையில் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெயில் ஏற ஏற மஞ்சள் பூக்கள் நன்றாக விரிந்து நின்றன. அந்த நேரத்துக்குக் கேட்க வேண்டிய சத்தம் கேட்கவில்லை. நான்கு ஏக்கர் பூ. ஒரு தேனீ இல்லை. எறும்பு ஊர்ந்தது, அவ்வளவுதான். மதியத்துக்குள் பூக்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. கொஞ்சநேரம் கொட்டகையில் படுத்துவிட்டு நாலரை, ஐந்து மணிக்கு எழுந்து வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பீர்க்கன் பந்தல் முழுக்க மஞ்சளாகிக்கொண்டிருந்தது. காலையில் அங்கே ஒரு பூ விரிந்து நான் பார்த்ததில்லை. இத்தனை நாள் பச்சையாகவே பார்த்த பந்தல் என் கண்முன்னால் பூத்துக்கொண்டிருந்தது. மாமா தெளிப்பானை மாட்டிக்கொண்டு அடுத்த பந்தலுக்குள் போனார். அது பாகல்.

வேலி ஓரம் போய் நின்றேன்.

"ஏனுங்க மாமா, காலைலதானுங்களே மருந்தடிப்பீங்க? உங்களப் பார்த்துத்தானுங்க நானும் காலைல அடிச்சேன்."

"அது பீர்க்கனுக்குங்க மாப்ள. பீர்க்கன் பொழுது சாயத்தான் பூக்கும். காலைல அடிச்சா அதுக்குள்ள காஞ்சு போயிரும். பாகலும் தர்பூசணியும் காலைப் பூவு. அதுக்குப் பொழுதெறங்கித்தான் அடிக்கோணும்."

"நீங்க சாயங்காலம் அடிச்சு நான் பார்த்ததே இல்லீங்களே."

"நீங்க எங்கீங்க சாயங்காலம் இருந்தீங்க?"

அதில் கோபம் இல்லை. கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு அடிக்கத் தொடங்கினார். அவர் வேலையில் ஒரு பாதியை மட்டும் பார்த்து, அதுதான் முழுதும் என்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எட்டு மணிக்கு நான் காரை எடுத்த பிறகும் அந்தத் தோட்டங்களில் நாள் நடந்துகொண்டே இருந்தது.

கொட்டகையில் மருந்து டப்பா கிடந்தது. அதோடு வந்த தாளை நான்காய் மடித்தபடியே டப்பாவுக்குள் போட்டிருந்தேன். பிரித்தேன். பல மொழிகளில் பொடி எழுத்து. தமிழில் தேடிப் படித்தேன். தேனீக்களுக்கு நஞ்சு, பூக்கும் பருவத்தில் தெளிக்கக் கூடாது என்று போட்டிருந்தது. டப்பாவின் மேலிருக்கும் வண்ணக் கட்டத்தை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்கிற அந்த அடையாளம் மனிதருக்கு எவ்வளவு நஞ்சு என்பதற்கானது. தேனீக்கு என்ன ஆகும் என்பதை அது சொல்லாது.

நான் பனியன்காரன். வாஷ்கேர் லேபிளில் ஒரு குறி மாறியிருந்தாலும் மொத்த லாட்டையும் பிரித்து மாற்றித் தைத்துவிட்டுத்தான் பேக்கிங்குக்கு அனுப்புவேன். யாரோ ஒருவர் தன் வீட்டு மெஷினில் துவைக்கப்போகும் பனியனுக்காக அந்த லேபிளை ராத்திரி எட்டரை மணிக்கு மேலும் உட்கார்ந்து சரிபார்த்திருக்கிறேன். என் கையிலிருந்த விஷத்தின் தாளைப் பிரிக்க எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை கொட்டகைத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மற்றதைத் தோட்டக்கலை அலுவலர் பிறகு விளக்கினார். தர்பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூ ஒரே ஒரு நாள்தான் விரியும். அதற்குள் குறைந்தது எட்டு முறையாவது தேனீ வந்து உட்கார்ந்தால்தான் மகரந்தம் எல்லாப் பக்கமும் படும். குறைந்தால், விதை பிடித்த பக்கம் மட்டும் பருக்கும். பிடிக்காத பக்கம் சூம்பும். எங்கள் பாஷையில் செகண்ட்ஸ். வியாபாரியும் அப்படித்தான் பார்த்தார். உருண்டைக் காயை எடுத்துக்கொண்டு கோணல் காயைக் கிடைத்த விலைக்குக் கேட்டார். மருந்தை நிறுத்திய பிறகு பிடித்த காய்கள் முற்றி வருவதற்குள் மாம்பழம் வந்துவிட்டது. நகையை மீட்க இரண்டு வருஷம் ஆனது. அந்த வட்டியைக் கட்டும்போதெல்லாம் வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அறுவடை முடிந்து கொடியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அத்தை, அதாவது அந்த மாமாவின் வீட்டுக்காரம்மா, வேலியோரம் வந்து நலம் விசாரித்தார். பேச்சோடு பேச்சாக, "இந்தத் தடவ பாகல் பாதிகூடப் புடிக்கலீங்க. தேனீயே வல்லியே" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. தேனீ வேலி பார்த்துப் பறப்பதில்லை. என் பூவில் விஷத்தைக் குடித்தவைதான் அவர் பாகலுக்கும் வந்துகொண்டிருந்தவை. மாமாவுக்கு அது அன்று சாயங்காலமே தெரிந்திருக்கும். நான் மருந்தடித்தேன் என்று என் வாயாலேயே சொன்னேன். இருந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நொய்யல் கதையை நான் எத்தனை பேரிடம் எவ்வளவு கோபமாகச் சொல்லியிருப்பேன்! மேட்டில் இருப்பவன் கழிவைத் திறந்துவிட, பள்ளத்தில் இருப்பவன் கிணறு கெட்டது என்று. என் வேலிக்கு அந்தப் பக்கம் அதையேதான் நானும் செய்திருக்கிறேன்.

மறுநாள் பணம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாங்கவில்லை. அத்தை காபி கொடுத்தார். மாமா நெடுநேரம் பாசன முறையைப் பற்றியே பேசினார். கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொன்னார்: "அடுத்தவாட்டி மருந்தடிக்கறதுக்கு முந்தின நா ஒரு போன் பண்ணிச் சொல்லிப்போடுங்க மாப்ள. அது போதுமுங்க."

இப்போதும் தர்பூசணி வைக்கிறேன், ஒன்றரை ஏக்கர் மட்டும். இலைப்பேனுக்கு நீல ஒட்டும் அட்டையும் வேப்பெண்ணெயும். அதற்கும் அடங்காமல் மருந்து தேவைப்பட்டால், அன்று மத்தியானமே கம்பெனியை மகனிடம் விட்டுவிட்டு வந்து, பூ மூடியபின் பொழுது சாயத்தான் அடிக்கிறேன். இமிடாகுளோபிரிட் போன்றவை செடிக்குள்ளேயே ஊறிப் பூந்தேன்வரை போய்விடுமாம். பூவெடுத்தபின் அவற்றை மாலையிலும் தொடுவதில்லை. எங்கள் இரண்டு பேர் வேலிக்கும் நடுவில் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறோம். செலவு என்னுடையது, பார்த்துக்கொள்வது அத்தை.

பல்லடம், பொங்கலூர், குண்டடம் பக்கமெல்லாம் கம்பெனியையும் நடத்திக்கொண்டு காலையில் மட்டும் தோட்டத்துக்கு வந்துபோகிறவர்கள் இன்றைக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். இதைப் படிப்பவர்களில் அப்படி யாராவது இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மருந்தடிப்பதற்கு முந்தின நாள், வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.